அடங்கியும் அடங்காத அசைவு

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா நிறைவுறும் பொழுதில் கண்ணகியின் இடக்கண்ணும் மாதவியின் வலக்கண்ணும் துடிக்கின்றன. பெண்ணுக்கு இடம் துடித்தால் நலம், வலம் துடித்தால் கேடு என்பது நிமித்தம் கூறுவோர் கொள்கை. மாதவியை விட்டுக் கோவலன் பிரியப்போவதைக் கானல்வரிக்கு முன்பே அந்தத் துடிப்பால் இளங்கோவடிகள் உணர்த்திவிடுகிறார். காப்பியத்துக்கு அவ்வளவு போதும். உடலியல் கேட்பது வேறொரு வினா: உடையவரின் ஒப்புதலைக் கேளாமல் ஒரு தசை எப்படி அசைகிறது?

இமையிலிருந்தே தொடங்கலாம். கண்ணைச் சூழ்ந்து வளையமாக அமைந்த தசை இமையை மூடுகிறது. அதற்கு ஆணை கொண்டுவருவது ஏழாம் மூளைநரம்பாகிய முகநரம்பு. நரம்பின் ஒவ்வோர் இழையும் சில தசைநார்களையோ பல நூறு நார்களையோ ஆள்கிறது. இழையும் அது ஆளும் நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. விழியைத் திருப்பும் நுண்தசைகளில் ஓர் இழைக்குப் பத்து நார் அளவே உண்டு. கெண்டைக்காலிலோ ஆயிரத்துக்கும் மேல். மேலிருந்து ஆணை ஏதும் வராதபோதும் சிற்சில வேளைகளில் இழை தானாகவே ஒரு மின்துடிப்பை எழுப்பிவிடுகிறது. உடனே அந்த ஓர் அலகு மட்டும் சுருங்கித் தளர்கிறது. இமைத்துடிப்பு என்பது பெரும்பாலும் இவ்வளவே. முகமே ஆடுவதாக எண்ணிக் கண்ணாடி முன் போய் நின்றால் கீழிமையின் ஓரத்தில் மெல்லிய நெளிவு ஒன்று தெரியும். அதுவும் உற்றுப் பார்த்தால்தான். உறக்கக் குறைவு, அடுத்தடுத்துக் குடித்த காப்பி, உளைச்சல் ஆகிய மூன்றும் இதன் வழக்கமான கூட்டாளிகள். சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் தானே அடங்கும். மக்னீசியக் குறைவே காரணம் என்று மாத்திரை வாங்கி விழுங்குவோர் பலர். அதற்கான சான்று வலுவற்றது.

கெண்டைக்காலில் இதே துடிப்பு வந்தால் மனிதர் அஞ்சுவது மிகுதி. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இயக்க நரம்பணு நோய் என்னும் கொடிய பெயர்தான். அந்நோயிலும் தசை துடிக்கும். ஆனால் அங்கே வலுக்குறைவும் தசை மெலிவும் உடன் வரும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையார் துடிப்பு மட்டுமே உடைய 121 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 1993இல் முடிவை வெளியிட்டனர். சிலரை முப்பது ஆண்டுக்கும் மேல் தொடர்ந்திருந்தனர். ஒருவருக்கும் அந்நோய் வரவில்லை. அந்த 121 பேரில் மருத்துவத் துறையினர் கணிசமாக இருந்தார்கள் என்பது சிரிப்பூட்டும் செய்தி. நோயின் பெயரை அறிந்தவர்களுக்கே தங்கள் கெண்டைக்கால் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது போலும். துடிப்பு அச்சத்தைத் தர, அச்சம் உறக்கத்தைக் கெடுக்க, உறக்கக் கேடு துடிப்பை மிகுவிக்கும் சுழலில் பலர் மாதக்கணக்கில் சிக்கியிருக்கிறார்கள். துடிப்பு இமையைக் கடந்து கன்னத்துக்கும் வாய்க்கடைக்கும் பரவி முகத்தின் ஒரு பாதியையே இழுத்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டவேண்டும். மூளைத்தண்டின் அருகே ஒரு நாளம் முகநரம்பை அழுத்திக்கொண்டிருக்கக்கூடும்.

இமைத்துடிப்பும் விக்கலும் கண்ணயரும் தறுவாயில் உடம்பு தூக்கிவாரிப்போடுவதும் முற்றிலும் நம் ஆணைக்கு அப்பாற்பட்டவை. நிறுத்து என்றால் நில்லா. இவற்றுக்காக எந்தப் பிள்ளையையும் எவரும் அதட்டியதில்லை. அதட்டல் விழுவது வேறோர் அசைவுக்கு.

ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஒருநாள் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டத் தொடங்குகிறான். தொலைக்காட்சி பார்த்துக் கெடுத்துக்கொண்டான் என்கிறாள் தாய். கண் மருத்துவர் ஒவ்வாமை என்று சொட்டுமருந்து தருகிறார். ஒரு மாதத்தில் சிமிட்டல் நின்றுவிடுகிறது. மருந்து கேட்டது என்று வீடு மகிழ்கிறது. அடுத்த மாதம் தோள் குலுங்குகிறது. பிறகு தலை ஒருபக்கம் வெட்டுகிறது. கோடை விடுமுறையில் எல்லாம் மறைந்து, பள்ளி திறந்த வாரத்தில் தொண்டைச் செருமலாகத் திரும்புகிறது. காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் இருமல் மருந்து வாங்கியாகிறது. 'வகுப்பில் வேண்டுமென்றே ஒலி எழுப்புகிறான்' என்று ஆசிரியை நாட்குறிப்பில் எழுதி அனுப்புகிறார். பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டுகிறாள். கயிறு கட்டிய வாரத்தில் செருமல் குறைந்தால் புகழ் கயிற்றுக்குப் போகிறது. நரம்பியல் மருத்துவரை அவர்கள் அடைவதற்குள் ஈராண்டு கழிந்திருந்தாலும் வியப்பில்லை.

மருத்துவர்கள் 'டிக்' என்று குறிக்கும் இவ்வசைவை இக்கட்டுரையில் சொடுக்கு என்போம். தசையில் எழுவது தசைச்சொடுக்கு. செருமல், உறுமல், சொல் என்று வாய்வழி வெளிப்படுவது குரற்சொடுக்கு. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளில் ஐவருக்கு ஒருவர் என்னும் அளவுக்குக்கூட இவை எப்போதாவது தலைகாட்டிச் சில மாதங்களில் மறைகின்றன. தசைச்சொடுக்குப் பலவும் குரற்சொடுக்கு ஒன்றேனும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதற்கு டூரெட் நோய்க்குறித்தொகுதி என்று பெயர். நூறு பிள்ளைகளில் ஒருவர் அல்லது அதனினும் குறைவானோர் இதற்கு ஆளாகின்றனர். ஆண்பிள்ளைகள் மூன்று நான்கு மடங்கு மிகுதி. ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் உச்சத்தை எட்டும். பதின்பருவம் முடிவதற்குள் பெரும்பாலோர்க்குத் தணியும். ஆபாசச் சொற்களை அடக்கமாட்டாது கொட்டுவதே டூரெட் என்று திரைப்படங்கள் கற்பித்திருக்கின்றன. அது பத்தில் ஒருவருக்கோ சற்றே மிகுதியானோர்க்கோ மட்டும் உரியது.

இந்தச் சிறுவனை ஏன் அதட்டுகிறார்கள்? அவனால் அடக்க முடிகிறது என்பதனால். மருத்துவரின் அறையில் கால்மணி நேரம் கற்சிலையாக அமர்ந்திருக்கிறான். வீட்டுக் கதவைத் தாண்டியதும் அடங்கிக் கிடந்ததெல்லாம் கொட்டுகிறது. 'அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?' என்று தந்தை கேட்பது முறையான கேள்வியாகவே தோன்றும். 1755இல் பேரகராதி தொகுத்த ஆங்கிலப் புலவர் சாமுவேல் ஜான்சனைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. அவருடைய தலையசைப்பையும் உறுமலையும், வாயிற்படியைக் குறித்த எண்ணிக்கை அடிகளில்தான் கடப்பார் என்பதையும் அவர் வாழ்க்கை வரலாற்றை வரைந்த பாசுவெல் எழுதிவைத்தார். ஓவியர் ரெய்னால்ட்சோ, அசையாமல் இருக்கச் சொன்னால் மற்றவரைப் போலவே ஜான்சன் அசையாமல் இருப்பார், ஆகவே இது வலிப்பன்று, கெட்ட பழக்கம் என்று தீர்ப்புச் சொன்னார். பார்த்தது சரி, முடிவு தவறு. விருப்பச் செயல், விருப்பமற்ற செயல் என்று இரண்டே அறைகளை வைத்துக்கொண்டு எல்லா அசைவையும் அவற்றுள் திணிக்க முயல்வதால் வரும் தவறு அது. இரண்டுக்கும் இடையே அகன்றதொரு நிலம் கிடக்கிறது. சொடுக்கு அந்த நிலத்துக்கு உரியது.

அந்த நிலத்துக்கு முதல் வரைபடம் தந்தவர் பாரிசில் காதுகேளாதோர் நிறுவனத்தில் மருத்துவராக இருந்த இத்தார். உயர்குடிப் பெண் ஒருத்தியின் வரலாற்றை அவர் 1825இல் வெளியிட்டார். ஏழு வயதில் எழுதப் பழகுகையில் அவளுடைய கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு தோளும் கழுத்தும் முகமும் இழுபட்டன. நாளடைவில் அவள் வாயிலிருந்து அலறலும், தன் குடிப்பிறப்புக்கு ஒவ்வாத சொற்களும் பேச்சின் நடுவே தெறித்தன. எந்தச் சொல்லைச் சொல்லிவிடுவோமோ என்று எவ்வளவுக்கு அஞ்சினாளோ அவ்வளவுக்கு அதுவே நாவில் வந்து நின்றது என்று இத்தார் குறிப்பிடுகிறார். உளைச்சலுக்கும் சொடுக்குக்கும் உள்ள உறவை இதைவிடக் கூர்மையாக எவரும் சொன்னதில்லை.

இதே இத்தார்தான் கால்நூற்றாண்டு முன்னே, அவேரோன் காட்டுப்பகுதியில் 1800இல் பிடிபட்ட விக்தர் என்னும் சிறுவனைத் தம் பொறுப்பில் எடுத்து வளர்த்தவர். அவன் பேசவில்லை, மனிதரை ஏறிட்டு நோக்கவில்லை, ஓயாமல் உடலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடையவனாக இருந்திருக்கலாம் என்று ஊட்டா ஃபிரித் உள்ளிட்ட பிற்கால உளவியலார் கருதுகின்றனர். காட்டில் தனித்து வளர்ந்ததன் விளைவே அது என்போரும் உண்டு. வழக்கு முடிந்தபாடில்லை. எப்படியாயினும், தாமே வந்து தாமே போகும் அசைவுகளின் இரு பெரும் வகைகளையும் ஒரே மருத்துவர் தம் கண்ணால் கண்டு எழுதிவைத்தார். அவ்விரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. பிறருக்கும் நூற்றைம்பது ஆண்டுகள் வரை தோன்றவில்லை.

1885இல் ழில் த லா தூரெத் ஒன்பது நோயாளரின் வரலாறுகளைத் தொகுத்தார். இத்தார் கண்ட பெண்ணும் அவ்வொன்பதின்மருள் ஒருத்தி. அவருடைய ஆசான் சார்க்கோ மாணவரின் பெயரையே நோய்க்கு வைத்தார். அறிவு குன்றாமல் அசைவு மட்டும் குலைவதைத் தெளிவாகக் கண்டது அக்கட்டுரையின் சிறப்பு. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேல் வீணாயிற்று என்பேன். ஃபெரென்சி முதலிய உளப்பகுப்பாளர்கள் சொடுக்கை அடக்கப்பட்ட பாலுணர்வின் வடிகாலாகக் கண்டனர். பழி வளர்ப்பின்மேல் விழுந்தது. நியூயார்க்கின் சபிரோ இணையர் ஹாலோபெரிடால் மருந்தால் ஒரு பெண்ணின் சொடுக்கு தணிந்ததை 1968இல் எழுதியபோதுதான் அந்தக் கட்டடம் ஆட்டங்கண்டது. மூளையின் வேதித்தூதாகிய டோபமைனைத் தடுக்கும் மருந்துக்குச் சொடுக்கு கட்டுப்படுகிறது என்றால் வேர் மூளையில் இருக்கிறது. தாயின் கண்டிப்பில் இல்லை.

சொடுக்குக்கு முன்னே ஓர் உந்துணர்வு எழுகிறது. கழுத்தில் ஓர் இறுக்கம், இமைக்குள் ஒரு நமைச்சல், தொண்டையில் எதுவோ நின்றதுபோன்ற உறுத்தல். அசைத்தால் ஒரு நொடி நிம்மதி. பிறகு மீண்டும் அதே உறுத்தல். வாசகர் இப்போதே கண்ணைச் சிமிட்டாமல் ஒரு நிமிடம் திறந்து வைத்துப் பார்க்கலாம். பத்தாம் நொடியில் ஒன்றுமில்லை. முப்பதாம் நொடியில் கண் கரிக்கிறது. ஐம்பதாம் நொடியில் உலகில் வேறெதுவும் இல்லை, சிமிட்டவேண்டும் என்பதொன்றே இருக்கிறது. கடைசியில் சிமிட்டுகிறோம். அந்தச் சிமிட்டல் நம் விருப்பமா? பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பலர் இவ்வுந்துணர்வைப் பிரித்தறியார்; கேட்டால் 'தெரியலை, அதுவா வருது' என்பர். வளர வளர அதன் இடமும் தன்மையும் அவர்களுக்குப் பிடிபடுகின்றன. உடலின் உள்நிலையை உணரும் மூளைப்பகுதியும் அசைவைத் தீட்டும் பகுதியும் சொடுக்குக்குச் சற்று முன்னரே விழித்துக்கொள்வதை மூளைப் படப்பிடிப்பு காட்டியிருக்கிறது.

உந்துணர்வு எழுவது ஏன்? மூளையின் நடுவே அடித்தள முடிச்சுகள் என்னும் நரம்பணுத் திரள்கள் உள்ளன. செய்யத்தகும் அசைவுகள் பல ஒரே நேரத்தில் மேற்புறணியிலிருந்து அங்கே வந்து முட்டுகின்றன. ஏரிக் கரையில் நீர்க்கட்டி ஒரு மதகைத் தூக்கி மற்ற மதகுகளை இறக்கி வைப்பதுபோல, அத்திரள்கள் ஒன்றை விட்டு ஏனையவற்றைத் தடுக்கின்றன. தடுப்பதே அவற்றின் பெருந்தொழில். தடுப்பில் ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டால், யாரும் கேளாத ஓர் அசைவு வெளியே வந்துவிடுகிறது.

அந்தக் கசிவின் தடயத்தை நுண்ணோக்கியில் கண்டவர்களுள் ஒருவரை நம் வாசகர் வேறொரு வகையில் அறிவர். தமிழ்நாட்டு வேருடைய குடும்பத்தில் பிறந்து, மூளை அறுவை மருத்துவராகி, நுரையீரல் புற்றுநோயால் 2015இல் 37ஆம் வயதில் மறைந்த பால் கலாநிதி. சாவை எதிர்நோக்கி அவர் எழுதிய தன்வரலாறு மறுவாண்டு வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பு, யேல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, டூரெட் உடையோர் சிலர் இறந்தபின் அளித்த மூளைகளை அவர் ஆராய்ந்தார். அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் 2005இல் வந்த அக்கட்டுரையின் முதலாசிரியர் அவரே. அடித்தள முடிச்சுகளின் வாயிற்பகுதியில், அண்டை நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் ஒருவகைச் சிற்றணுக்கள் குறைந்திருந்தன. வெளியேற்றப் பகுதியில் அவை மிகுந்திருந்தன. பிறந்தபின் அழிந்ததாக அன்றி, கருவில் இடம்பெயர்ந்து செல்லும்போதே அவை பிறழ்ந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அதே ஆய்வுக்குழு 2010இல் மீண்டும் எண்ணியபோது, வாயிற்பகுதியில் அவ்வணுக்கள் பாதிக்கும் மேல் குறைந்திருந்தன. எண்ணிப் பார்த்த மூளைகள் மிகச் சில என்பதை நினைவில் வைத்தாலும், சொடுக்குக்கு உடற்கூற்றில் முகவரி உண்டு என்று காட்டிய சான்று இது.

இனி உளைச்சல். சொடுக்குடைய எவரைக் கேட்டாலும் உளைச்சலில் அது மிகும் என்பார். ஆய்வகத்தில் இதைச் சோதித்தவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். 2011இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் பிள்ளைகளுக்கு நேரக் கெடுவோடு கடுமையான மனக்கணக்குத் தரப்பட்டது. சொடுக்கை அடக்கவேண்டாம் என்று விட்ட வேளையில் கணக்கின் நெருக்கடி சொடுக்கின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. அடக்கிக்கொள்ளச் சொன்ன வேளையில்தான், கணக்கும் சேர்ந்தபோது, அடக்கியதெல்லாம் மீறி வந்தது. உளைச்சல் சொடுக்கை உண்டாக்குவதைக் காட்டிலும் அதைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அடக்கல் என்பது கவனத்தின் செலவில் நடக்கும் வேலை. கவனம் வேறெங்கோ இழுபடும்போது காவல் குறைகிறது. 'நீ ஏன் இப்படிச் செய்கிறாய்' என்ற பேச்சை எடுத்தாலே சொடுக்கு கூடும் என்பதும் சோதனையில் தெரிந்த உண்மை. உறவினர் கூடிய வீட்டில் மாமா ஒருவர் நலம் விசாரிக்கும் பாணியில் அந்தப் பேச்சை எடுப்பார். அடுத்த அரைமணி நேரம் பிள்ளை படும் பாட்டை அவரே பார்த்துத் தலையாட்டுவார்.

அடக்குவதற்குச் செலவாகும் கவனமும், ஒரு தொழிலில் தன்னை மறந்து ஆழும் கவனமும் வேறு வேறு. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்சு தம் நூலொன்றில் எழுதிய, டூரெட் உடைய அறுவை மருத்துவர் ஒருவர் வெளியே நடக்கையில் குதிப்பார், தொடுவார், திரும்புவார். கத்தியைக் கையில் எடுத்ததும் அவ்வளவும் நின்றுவிடும். அமெரிக்கக் கால்பந்துக் காவலர் டிம் ஹோவர்டு பந்து தம் எல்லைக்கு அருகில் வரும்போது சொடுக்கு எழுவதில்லை என்கிறார். 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக அவர் தடுத்த பந்துகள் பதினைந்துக்குக் குறையா. அணி தோற்றது, ஆட்டம் அவர் பெயரால் நினைக்கப்படுகிறது.

சாக்சின் அந்நூலிலேயே ஆட்டிசம் உடைய அறிஞர் டெம்பிள் கிராண்டினைப் பற்றிய கட்டுரையும் இருக்கிறது. அறுவை மருத்துவரும் அவரும் ஒரே அட்டைக்குள் வந்தாலும் அவர்களின் அசைவுகள் ஒன்றல்ல. பால்டிமோரில் லியோ கன்னர் 1943இல் பதினொரு குழந்தைகளை விளக்கி ஆட்டிசத்துக்கு முதல் இலக்கணம் வகுத்தபோது, பொருள்களைச் சுழற்றுவதையும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டியபடி முணுமுணுப்பதையும் குறித்துவைத்தார். கைகளைச் சிறகடித்தல், முன்னும் பின்னும் ஆடல், விரல்களைக் கண்ணெதிரே அசைத்தல் ஆகியவை பெரும்பாலும் மூன்று வயதுக்குள்ளேயே தோன்றிவிடும். அவற்றுக்குத் தாளம் உண்டு, சொடுக்குக்கு இல்லை. சொடுக்கு உறுப்பு விட்டு உறுப்புத் தாவும். இவை ஆண்டுக்கணக்கில் ஒரே வடிவில் நிலைக்கும். சொடுக்குக்கு முன்னே உறுத்தல் இருக்கும். இவற்றிலோ பெரும்பாலும் ஓர் இன்பமோ ஆறுதலோ இருக்கும். பிடித்த பாடல் ஒலித்தால் குழந்தை துள்ளிக் கையடிக்கும். குக்கர் விசிலும் மிக்சி இரைச்சலும் அழைப்புமணியும் ஒரே நேரத்தில் மோதினாலும் கையடிக்கும். முதலாவது மகிழ்ச்சி வழிதல். இரண்டாவது, புலன்களின் வெள்ளத்தில் ஒரு பிடிமானம் தேடல்.

பயிற்சி மையங்கள் பலவற்றில் 'கை கீழே' என்பதே நெடுங்காலம் முதற்பாடமாக இருந்தது. 2019இல் பிரிட்டனில் ஆட்டிசம் உடைய வயதுவந்தோர் 32 பேரிடம் ஆய்வாளர் பேசியபோது, தம் அசைவுகள் தம்மை அமைதிப்படுத்துகின்றன, அவற்றை ஒழிக்கும் மருத்துவம் வேண்டா என்றே அவர்கள் சொன்னார்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் அசைவு வேறு. அதைத் தடுக்கத்தான் வேண்டும். மற்றபடி, பார்ப்பவரின் கூச்சம் நீங்குவதற்காகக் குழந்தையின் பிடிமானத்தைப் பறிப்பதை மருத்துவம் என்று என்னால் அழைக்க முடியவில்லை.

சிக்கல் எங்கே என்றால், சொடுக்கும் ஆட்டிசமும் ஒரே உடலில் வாழ்வதுண்டு. பிரிட்டனில் ஆட்டிசச் சிறப்புப் பள்ளி மாணவர் 447 பேரை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு நால்வருக்குமேல் டூரெட் உறுதி என்றது. இத்தாலியில் 105 பிள்ளைகளை நேரில் நோக்கிய 2007ஆம் ஆண்டு ஆய்வில் 22 விழுக்காட்டினர்க்கு நாட்பட்ட சொடுக்கோ டூரெட்டோ இருந்தது. கணக்கெடுக்கும் முறைக்கேற்ப எண் மாறினும், பொதுமக்களில் காணும் அளவைக் காட்டிலும் இது பன்மடங்கு. ஆனால் அத்தகைய பிள்ளையிடம் எது சொடுக்கு, எது ஆறுதலசைவு என்று பிரிப்பது எளிதன்று. உந்துணர்வு இருக்கிறதா என்று கேட்டால் விடை வராது. உடலின் உள்ளுணர்வுகளைப் பெயரிட்டுச் சொல்வது அவர்களுள் பலர்க்குக் கடினம். மருத்துவர் காணொளிக் காட்சிகளைப் பார்க்கிறார். தொடங்கிய வயதைத் தாயிடம் கேட்கிறார். பெயர் சொல்லி அழைத்தால் அசைவு நிற்கிறதா, உறுப்பு மாறுகிறதா என்று நோக்குகிறார். பிறர் முன்னே இயல்பானவராகத் தோன்றுவதற்காக நாள் முழுதும் அசைவுகளை மறைத்துக்கொள்ளும் ஆட்டிசப் பிள்ளைகள், பள்ளி விட்டு வந்ததும் வீட்டில் வெடிப்பதைப் பெற்றோர் அறிவர். சொடுக்கும் சேர்ந்திருந்தால் அவர்கள் இரட்டைக் காவல் இருந்து களைக்கிறார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் மூன்றாவதொரு வகை அசைவு வந்து சேர்ந்தது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் லண்டனிலும் பிற நகரங்களிலும் பதின்வயதுப் பெண்கள் பலர் ஓரிரு நாளில் வெடித்தெழுந்த கடும் அசைவுகளோடும் சொற்களோடும் மருத்துவமனைக்கு வந்தார்கள். டூரெட் சிறுவயதில் மெல்லத் தொடங்கும், ஆண்பிள்ளைகளை மிகுதியாகப் பற்றும் என்னும் இலக்கணம் இரண்டும் இங்கே பொய்த்தன. ஜெர்மனியில் இளைஞர் பலர் 'பறக்கும் சுறாக்கள்' என்னும் ஒரே தொடரைக் கூவினார்கள். 2019இல் தொடங்கி அங்கே பெரும்புகழ் பெற்ற, டூரெட் உடைய இளைஞர் ஒருவரின் யூடியூப் காட்சிகளில் வந்த தொடர் அது. ஆனோவர் மருத்துவர்கள் இதைத் திரைவழிப் பரவிய உளம்சார் தொற்று என்றனர். நடிப்பு என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது. அப்பெண்கள் துன்பப்பட்டது உண்மை. தனிமையிலும் அச்சத்திலும் கட்டுண்ட உடல் தான் கண்டதொரு வடிவத்தைக் கைக்கொண்டது. இதற்கு டூரெட் மருந்துகள் பொருந்தா. உளைச்சலைத் தணிப்பதே மருந்து.

டூரெட்டின் சொடுக்குக்கோ இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை அன்று, பயிற்சி. உளவியலார் ஆசிரினும் நன்னும் 1973இல் வகுத்த முறையின் வளர்ச்சி அது. உந்துணர்வு எழும் நொடியைப் பிள்ளை அடையாளம் காணக் கற்கிறான். தலை வெட்டுவதாக உணர்ந்ததும் முகவாயைச் சற்றுத் தாழ்த்திக் கழுத்துத் தசைகளை மெல்ல இறுக்கி, உறுத்தல் கரையும்வரை அப்படியே இருக்கிறான். எந்தச் சூழல் சொடுக்கைத் தூண்டுகிறது, எவருடைய எந்தச் சொல் தூண்டுகிறது என்பதையும் பயிற்றுநர் கண்டு மாற்றுகிறார். மாமாவின் நலவிசாரணையும் அப்பட்டியலில் இடம்பெறும். 2010இல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுவரையான 126 பேரிடம் பத்து வாரம் இம்முறையைச் சோதித்தனர். பயிற்சி பெற்றோரில் 52.5 விழுக்காட்டினரும், வெறும் ஆறுதலும் விளக்கமும் பெற்றோரில் 18.5 விழுக்காட்டினரும் தேறினர். ஏறத்தாழப் பாதிப்பேர்க்குப் பயன் தரவில்லை என்பதையும் இவ்வெண்ணே சொல்கிறது. அவர்களுக்குக் குளோனிடின், அரிப்பிபிரசோல் முதலிய மருந்துகள் உண்டு. உந்துணர்வைச் சொல்லத் தெரியாத ஆட்டிசப் பிள்ளைக்கு இப்பயிற்சியை அப்படியே தரவும் இயலாது. உடலின் படத்தில் உறுத்தும் இடத்தை வண்ணந்தீட்டிக் காட்டச் சொல்வதிலிருந்து தொடங்கவேண்டும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பெயர் சுட்டிச் சொல்கிறது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. டூரெட்டின் பெயர் இல்லை. ஆகவே பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆட்டிசம் உடைய மாணவருக்குக் கூடுதல் நேரம் கேட்கப் படிவம் உண்டு. சொடுக்கு மட்டும் உடைய மாணவர் எந்தப் படிவத்தை நீட்டுவது? மூச்சுவிடும் ஒலியும் கேட்கும் தேர்வறையில், கண்காணிப்பாளரின் பார்வைக்குக் கீழே, நேரக் கெடுவோடு கணக்குப் போட்டுக்கொண்டே செருமலை அடக்கவேண்டும். ஆய்வகத்தில் 2011இல் அமைத்த அதே சோதனைதான் இது. மூன்று மணி நேரம் நீள்கிறது, மதிப்பெண் வேறு தொங்குகிறது. கடைசி வரிசையில் ஓர் இருக்கை, முடிந்தால் தனியறை, இடையில் ஐந்து நிமிடம் வெளியே சென்று அடக்கியதை விட்டுவர ஓர் இசைவு. இம்மூன்றுக்கும் அரசாணை வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. பள்ளியளவிலான தேர்வுகளில் தலைமையாசிரியர் கையெழுத்தே போதும்.